சேர்ச்சில் பயணம்: ஐந்தாம் நாள், கடைசி நாள்



கனடாவின் வடக்கே சேர்ச்சிலுக்குப் போய் வந்த கதையை நான்கு பதிவுகளாக எழுதிவிட்டு, கடைசி நாளை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். "ரீச்சர், ஐந்தாம் நாள் எங்கே?" என்று நோர்வேயிலிருந்து ஒருவர் கேட்டார், வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டார், கடைசியில் என் தங்கச்சியும் தொலைபேசியில் கேட்டுவிட்டாள். அந்த நாளை எழுத எனக்குக் கொஞ்சக் காலம் தேவைப்பட்டது. பதிவு நீளம். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முன் பதிவுகளைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம். சேர்ச்சில் என்பது மனிற்ரோபா மாகாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஊருக்கு வீதி கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் ரயிலில் போகலாம். நாங்கள் போகும்போது வின்னிபெக்கிலிருந்து ரயில் எடுத்தோம். ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர், இரண்டு இரவு. மகள், பதின்மூன்று வயதுப் பேத்தி, நான். குழுவில் மொத்தம் பதினெட்டுப் பேர். வயதில் நான்தான் மூத்தவள் என்று நினைத்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு அம்மா வந்திருந்தார், என்னைவிட வேகமாக நடந்தார்.

ரயிலில் போகும்போது பேத்திக்குக் காட்டிய இரண்டு விடயங்களை மட்டும் திரும்பவும் சொல்கிறேன். ஒன்று மரங்கள். வடக்கே போகப் போக ஊசியிலை மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். சேர்ச்சிலை நெருங்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் கிளை வைத்து நிற்கும். வடமேற்குக் காற்று மற்றப் பக்கத்துக் கிளைகளை வளரவிடுவதில்லை. மற்றது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய தந்திக் கம்பங்கள். மூன்று தடிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலிபோல நிற்கின்றன. நிலத்தின் அடி என்றைக்கும் உறைந்திருக்கும், மேற்பகுதி கோடையில் இளகிக் குளிர்காலத்தில் திரும்பவும் உறையும். அப்படி உறையும்போது ஊன்றிய கம்பத்தை நிலமே மேலே தள்ளிவிடும். அதனால் ஊன்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆண்டு எட்டில் தூந்திராப் பிரதேசம் என்று நாலு வரி படித்தீர்களே, அந்த நாலு வரிக்குள் இதெல்லாம் அடங்கவில்லை.

இனிக் கடைசி நாள். அது ஒக்டோபர் 30. திகதியைக் கண்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேறொன்று நினைவு வந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

காலையில் கடைசி முறையாகக் கரடி பார்க்கப் போனோம். அங்கே அந்தக் காலத்தில் எட்டரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும். மறை எட்டுப் பாகை குளிர், அதற்கு மேலே காற்று. ஏறிய வாகனம் பஸ்ஸும் இல்லை லொறியும் இல்லை. சக்கரங்கள் ஏறக்குறைய ஆள் உயரம். கரடி எட்டிப் பிடிக்காத உயரத்தில் ஜன்னல்கள் இருக்கும், பின்னால் கம்பி போட்ட ஒரு திண்ணை இருக்கும். வாகனம் நினைத்த இடமெல்லாம் ஓடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் அங்கே படைத்தளம் இருந்தது. அந்தப் படையினர் போட்ட பழைய பாதைகளில்தான் ஓடலாம். பாசியும் குற்றுச்செடியும் ஒருமுறை நசுங்கினால் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

வழிகாட்டியைப் பற்றி முன் பதிவில் எழுதியிருந்தேன். அறுபது தாண்டியவர், சேர்ச்சிலிலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் ஒரு வசனத்துக்குள் முடித்துவிடுவார். கரடியைக் கண்டால் "கரடி" என்று மட்டும் சொல்லி வாகனத்தை நிறுத்துவார். எல்லோரும் ஒரே பக்கம் ஓடிவிட்டு, அடங்கிய பிறகுதான் விளக்கம் வரும்.

ஒன்பதரை மணிபோல அவர் "கரடி" என்றார். குட்டை வில்லோப் பற்றைக்குப் பின்னால் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் படுத்திருந்தன. வெள்ளை என்று சொல்கிறோமே தவிர, பனியோடு சேர்த்துப் பார்த்தால் பழைய வேட்டியின் நிறம். உண்மையில் அதன் உரோமத்துக்கு நிறமே இல்லை, தோல் கறுப்பு. பிறக்கும்போது அரைக் கிலோ அளவில் இருக்கும் குட்டி, ஆணாக இருந்தால் வளர்ந்து 350 முதல் 600 கிலோ வரை வரும்.

அந்தத் தாய் முக்கால் மணித்தியாலம் அசையவில்லை. குழுவில் ஒருவர், "ஏன் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது?" என்று கேட்டார். வழிகாட்டி, "அது வேலைதான் செய்துகொண்டிருக்கிறது. காத்திருக்கிறது" என்றார்.

அந்த ஊர்க் கரடியின் வாழ்க்கை முழுவதும் விரிகுடா உறைவதில் தங்கியிருக்கிறது. அதன் உணவு கடல்நாய். கடல்நாயைப் பிடிக்க அதற்குப் பனித்தளம் வேண்டும். நடுக்கோடையில் பனி கரைந்ததும் கரைக்கு வந்துவிடும். கரையில் வயிறு நிறைய ஒன்றும் கிடையாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்துகொண்டே போகும். கர்ப்பமான கரடி மண்ணுக்குள் குகை தோண்டிக் குட்டி ஈன்று, குட்டிகளோடு பனிக்குத் திரும்பும் வரைக்கும் எட்டு மாதம்கூடச் சாப்பிடாமல் இருக்கும். சேர்ச்சில் ஆற்றின் நன்னீர் வந்து கலப்பதால் அந்தக் கரைப் பக்கத்தில் முதலில் பனி பிடிக்கும். அதனால்தான் ஒக்டோபர், நவம்பரில் கரடிகள் அங்கே வந்து கூடுகின்றன. எங்களைப் போன்றவர்களும் அதனால்தான் அங்கே போகிறோம்.

பனி பிடிக்கும் நாள் பிந்திக்கொண்டு போகிறது. முன்னரைவிட நேரத்தோடு கரைகிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களில் 1,200 அளவில் இருந்த கரடிகள், 2016இல் 842 என்றும் 2021இல் 618 என்றும் கணக்கெடுப்பில் வந்தன. இந்த எண்களை வழிகாட்டி குரலை உயர்த்தாமல், பஸ் நேர அட்டவணை வாசிப்பதுபோலச் சொன்னார்.

அப்போது தூரத்தில் ஒரு ஆண் கரடி தெரிந்தது. எங்களுக்குத் தெரிய முன்னரே தாய்க்குத் தெரிந்துவிட்டது. எழும்பி மூக்கை உயர்த்தியது. ஆண் கரடி குட்டியைக் கொன்று தின்னவும் கூடும். தாய் ஓடவும் இல்லை, உறுமவும் இல்லை. குட்டிகளை முன்னால் விட்டு, அடிக்கொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனது. இரண்டாவது குட்டி கொஞ்சம் பின்தங்கியது. தாய் நின்றது. அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி. பேத்தி படம் எடுக்க மறந்துவிட்டாள். ஐந்து நாளில் அவளுடைய கைத்தொலைபேசி கீழே இறங்கிய ஒரே நேரம் அதுதான்.

மத்தியானம் ஊருக்குத் திரும்பிச் சூப்பும் பாணும் சாப்பிட்டோம். விமானம் மாலை ஐந்தரைக்கு. இடையில் மூன்று மணித்தியாலம் இருந்தது. வழிகாட்டி எழும்பி நின்று சொன்னார்: "இப்போது இரண்டு வழி இருக்கிறது. கடைத்தெருவில் விட்டுவிடுகிறேன், நினைவுப்பொருள் வாங்கலாம். அல்லது என்னோடு ஐந்து கிலோமீற்றர் வரலாம். அங்கே கரடி இல்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் ஒவ்வொரு குழுவையும் கடைசி நாளில் கேட்பேன்."

பதினெட்டில் ஏழு பேர் போனோம். பேத்திக்குக் கடைதான் விருப்பம். அவளுக்கு ஒரு கரடிப் பொம்மை வாங்க வேண்டும். "பொம்மை விமான நிலையத்திலும் கிடைக்கும், வா" என்று மகள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

போகும் வழியில் வழிகாட்டி ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பெயர் தனடெல்தூர். தெனே இனப் பெண். 1713இல் கிறீ இனத்தவரால் சிறைபிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு தப்பி, ஹட்சன் விரிகுடாக் கம்பனியின் யோர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தவள். தெனேக்களுக்கும் கிறீகளுக்கும் தீராப் பகை. பகை தீராமல் வடக்கே வியாபாரம் நடக்காது என்று கம்பனி அதிகாரி யேம்ஸ் நைற் கண்டார். அந்தப் பெண்ணை ஒரு பெரிய குழுவோடு அனுப்பினார். அவள் குளிரிலும் பட்டினியிலும் பல மாதம் நடந்து, தன் சனத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துச் சமாதானம் செய்துவிட்டாள். பேசிப் பேசித் தொண்டை அடைத்துப்போனதாம். 1717 பெப்ரவரியில் நோயுற்று இறந்தாள். அந்தச் சமாதானத்தின் பலனாக அதே 1717இல் கம்பனி சேர்ச்சிலில் தன் நிலையத்தை அமைத்தது.

"அதாவது எங்கள் ஊர் இங்கே இருப்பதற்கு ஒரு தெனேப் பெண்தான் காரணம். இதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்" என்றார்.

இறங்கிய இடத்தில் உண்மையாகவே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. குட்டை மரங்கள், கற்கள், பனி. அங்கங்கே வீட்டு அத்திவாரங்கள். ஒரு நினைவுக்கல். இடத்தின் பெயர் தெனே கிராமம்.

கதை இதுதான். சயிசி தெனே என்ற மக்கள், கரிபூ மான் கூட்டங்களைப் பின்தொடர்ந்து உள்நாட்டில் வாழ்ந்தவர்கள். லிற்றில் டக் ஏரிப் பக்கத்தில் இருந்தார்கள். கரிபூ குறைகிறது, இவர்கள் அளவுக்கு மிஞ்சி வேட்டையாடுகிறார்கள் என்று அரசு முடிவுகட்டியது. அங்கே இருந்த கம்பனி வியாபார நிலையமும் மூடப்பட்டது. 1956 ஓகஸ்டில் ஒரு விமானம் வந்து இறங்கியது. இருநூற்றைம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ச்சிலில் இறக்கிவிட்டார்கள். கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பொறிகள், தோணிகள், சறுக்கு வண்டிகள் எல்லாம் அங்கேயே. சேர்ச்சிலில் வேட்டை இல்லை, வேலை இல்லை, ஊராரின் மொழி தெரியாது. பிறகு மயானத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாம் கொடுத்தார்கள். இறந்தவர்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது என்று நம்பும் சனத்துக்கு மயானத்தின் பக்கத்தில் முகாம். 1960களின் பிற்பகுதியில்தான் நாங்கள் நின்ற இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். குடி, தீ, குளிர், அடிதடி, நோய். 1973 வரையான பதினேழு ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

வழிகாட்டி ஒரு அத்திவாரத்தின் பக்கத்தில் நின்றார். "எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. என் மேசையில் பக்கத்தில் இருந்த பையன் இங்கேயிருந்துதான் வருவான். ஊர்க் குப்பைமேட்டில் கரடிகளும் வரும், இவர்களும் சாப்பாடு தேடி வருவார்கள். நாங்கள் பிள்ளைகள், பார்த்துச் சிரிப்போம். ஒரு நாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அந்த மேசையை வேறு வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றார்.

1973இல் சயிசி தெனேக்கள் தாங்களாகவே முடிவெடுத்து, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் மேற்கே ரடூலி ஏரிக்குப் போய் மரக்குடில் கட்டிக் குடியேறினார்கள். யாரும் அனுப்பவில்லை, தாங்களே போனார்கள். இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான இலா பசிடோர், பிறகு அந்த மக்களின் தலைவியாகவும் இருந்தவர், இன்னொருவரோடு சேர்ந்து இந்தக் கதையை 'நைற் ஸ்பிரிற்ஸ்' என்ற நூலாக 1997இல் வெளியிட்டார். ஊருக்குத் திரும்பியதும் மகளிடம் சொல்லி நூலகத்தில் எடுப்பித்தேன். ஒரே மூச்சில் வாசிக்க முடியாத நூல்.

நாங்கள் வாகனத்துக்குத் திரும்பி நடக்கும்போது பேத்தி கேட்டாள். அவளுடைய தமிழிலேயே எழுதுகிறேன். "அம்மம்மா, அவையள விருப்பமா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையா?"

"இல்லை."

"உங்களக் கேட்டவையா?"

அவளுக்கு நாங்கள் இடம்பெயர்ந்தவர்கள் என்று தெரியும். அந்தச் சொல் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்டதில்லை, மகளும் நானும் உட்கார்ந்து சொன்னதில்லை. ரொறொன்ரோவில் பாடசாலை, நீச்சல், பரதநாட்டியம் என்று ஓடுகிற பிள்ளையிடம் எந்த நாளில் அதைச் சொல்வது? அன்றைக்குத் திகதி ஒக்டோபர் 30. மகளைப் பார்த்தேன். அவளும் திகதியை நினைத்துக்கொண்டுதான் இருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

வாகனத்தில் பின் ஆசனத்தில் இருந்து சொன்னோம். 1995 ஒக்டோபர் 30. பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வலிகாமம் முழுக்க வெளிக்கிட வேண்டும். தென்மராட்சிக்குப் போவதற்கு நாவற்குழிப் பாலம். இலட்சக்கணக்கான சனம், ஒரு பாலம், மழை. இவர் மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினார். நான் ஒரு கையில் மகளையும் மற்றக் கையில் ஒரு பையையும் பிடித்திருந்தேன். ஒரு இரவு முழுக்க நடந்தும் பாலத்துக்கு அப்பால் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல், குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரைக் குடித்தார்கள்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் தன் மகளிடம் சொன்னது எனக்கும் புதிது. "அம்மா என்ர கையை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தவ. எனக்கு நோவெண்டு சொல்லப் பயம். சொன்னா விட்டிடுவாவோ எண்டு." முப்பது ஆண்டுகளாக அவள் அதை என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று பேத்தி கேட்டாள். நகை, உறுதி, பிறப்பத்திரங்கள், ஒரு சோடி உடுப்பு. அதோடு ஆண்டு 6இன் வரவு இடாப்பு. வெள்ளிக்கிழமை கணக்கு முடிப்பதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், திங்கட்கிழமை இடம்பெயர்வு. கார்த்திகை முடிவில் தென்மராட்சியில் ஒரு பாடசாலை எங்களுக்குப் பின்னேரத்தில் இடம் கொடுத்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள், பின்னேரம் எங்கள் பிள்ளைகள். கட்டடம் போதாமல் என் வகுப்பு மாமரத்தின் கீழ். இடாப்பில் நாற்பத்தொரு பெயர். முதல் நாள் கூப்பிட்டபோது "வந்தேன் ரீச்சர்" என்று பதினான்கு குரல். ஒரு பெயரையும் வெட்டாமல் தினமும் நாற்பத்தொன்றையும் கூப்பிட்டேன். பதில் வராத பெயருக்குக் கொஞ்சம் நின்று, பிறகு அடுத்தது. மாசி மாதத்தில் இருபத்துமூன்று ஆனது. மற்றவர்கள் வன்னி, இந்தியா, கொழும்பு. இரண்டு பேரைப் பற்றி இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை.

அந்த மேசைக் கதையை வழிகாட்டி சொன்னபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும் பிள்ளைகளே. அவர்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றல்ல. பேத்தியும் உடனே, "அப்ப நாங்களும் அவையும் சேம்" என்றாள். நான் இல்லை என்றேன். எங்களைத் துரத்தியது போர். அவர்களுக்கு அமைதிக் காலத்தில், ஒரு மேசையில் எழுதிய உத்தரவு. நாங்கள் பாலம் தாண்டியதும் எங்கள் மொழி பேசுகிற சனம் விறாந்தையில் இடம் தந்தது, கிணற்றில் அள்ளவிட்டது, தங்கள் அரிசியில் எங்களுக்கும் கஞ்சி காய்ச்சியது. தென்மராட்சிச் சனத்தின் அந்தக் கடன் எங்களில் எவராலும் தீர்க்க முடியாதது. சயிசி தெனேக்கள் இறங்கிய ஊரில் அவர்களுக்கு விறாந்தை இல்லை. நாங்கள் அடுத்த சித்திரைக்குப் பிறகு உடைந்த வீடானாலும் வீட்டுக்குத் திரும்பினோம். அவர்களுக்குப் பதினேழு ஆண்டு எடுத்தது, அப்போதும் பழைய இடத்துக்கு அல்ல. துயரத்தை ஒப்பிட்டு யாருடையது பெரிது என்று பார்க்க இதைச் சொல்லவில்லை. மற்றவர் கதையை அவசரமாக எங்கள் கதையாக்கிக்கொண்டால், அவர்களுடையதைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

பேத்தி இன்னொரு கேள்வி கேட்டாள். "அவையிட்ட சொறி சொன்னவையா?"

சொன்னார்கள். 2016 ஓகஸ்டில் மத்திய அமைச்சர் கரலின் பெனற் ரடூலி ஏரிக்கே போய்க் கனடா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடாக 33.6 மில்லியன் டொலர். விமானம் வந்து ஏற்றி அறுபது ஆண்டு. ஏற்றப்பட்டவர்களில் பலர் அதைக் கேட்க இருக்கவில்லை.

"எங்களிட்ட?"

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

விமான நிலையத்தில் மற்றப் பதினொரு பேரும் பைகளோடு நின்றார்கள். பயண நிறுவனத்தின் கையேடு ஒன்று ஒருவரின் கையில் இருந்தது. அதில் "மனிதக் கால் படாத வனாந்தரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஐந்து நாளில் நாங்கள் பார்த்ததை எண்ணிப் பாருங்கள். முக்காலித் தந்திக் கம்பம், படையினர் போட்ட பாதை, 1700களில் கட்டிய கற்கோட்டை, 1931இல் திறந்த துறைமுகம், மயானத்துப் பக்கத்து முகாம். கால் படாத இடம் எங்கே இருக்கிறது? கால்கள் பட்டுத்தான் இருக்கின்றன. பட்ட கால்களை அங்கிருந்து எடுத்துவிட்டு, பிறகு வெறும் இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரடியின் நிலமும் அப்படித்தான். வெறும் பனி என்று நாங்கள் நினைப்பதில் அந்தத் தாய்க்கு எந்தப் பற்றை, எந்தக் காற்று, எந்த நாள் என்று எல்லாம் கணக்கு இருக்கிறது.

வழிகாட்டியிடம் விடைபெறும்போது, "ஏன் இதைக் கடைசி நாளில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "முதல் நாளில் காட்டினால் கரடியைக் கண்டதும் மறந்துவிடுவார்கள்" என்றார். முப்பத்துநாலு ஆண்டு படிப்பித்த எனக்கு அது நல்ல பாடத்திட்டமாகப் பட்டது. ஒரு பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னதுதான் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

விமானம் ஏறும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால் விரிகுடா இன்னும் கறுப்பாக, தண்ணீராகத்தான் கிடந்தது. கரையோரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடு அகலமாகும் வரைக்கும் அந்தத் தாயும் இரண்டு குட்டிகளும் காத்திருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் இரண்டு விடயம்.

முதலாவது, வெளிநாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு. நல்ல காசு கொடுத்து நல்ல இடங்களுக்குப் போகிறீர்கள். படங்களைப் பார்க்கிறேன், சந்தோசம். எங்கே போனாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இங்கே முன்னர் இருந்தவர்கள் எங்கே? உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் கேளுங்கள். அவர்கள் அடுத்த கேள்வியை உங்களிடம் கேட்பார்கள். கேட்கும் நாளில் சொல்லுங்கள். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம். எங்களுக்கு ஒரு வாகனத்தின் பின் ஆசனத்தில், கையுறையோடு வாய்த்தது.

இரண்டாவது, 1995 கார்த்திகையிலிருந்து மாமரத்தின் கீழ் என்னிடம் படித்த பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்கு. இப்போது உங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். பேத்தி பாடசாலையில் குடும்ப வரலாறு என்று ஒரு வேலை செய்கிறாள், தலைப்பை அவளே மாற்றி 'அம்மம்மாவின் இடாப்பு' என்று வைத்திருக்கிறாள். அந்த இடாப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, மழை பட்ட பக்கங்களில் மை கரைந்திருக்கிறது, பெயர்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. உங்களுக்கு அந்த மரத்தைப் பற்றி, அந்தப் பின்னேரங்களைப் பற்றி நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். இரண்டு வரியானாலும் போதும். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்.

தகவல் தெரியாத அந்த இருவரின் பெயரை இங்கே பொதுவில் எழுதவில்லை. தெரிந்தவர்கள் தனியாக எழுதுங்கள். நான் இன்னும் அந்தப் பெயர்களை வெட்டவில்லை.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்